அந்த கேப்பை எடுத்துடு

நீங்கள் கேட்கிற எந்த உரையாடலும் நடந்தபடியே உங்கள் காதுக்கு வருவதில்லை. ஒலியைத் தொகுக்கிற நாங்கள் இருமலை எடுக்கிறோம். "அதாவது... அதாவது..." என்று இழுப்பதை எடுக்கிறோம். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுந்தால் பிரித்து வைக்கிறோம். நல்ல ஜோக் முதலில் வந்து சுமாரானது கடைசியில் வந்தால், இரண்டையும் மாற்றிப் போடுவதுகூட உண்டு. இத்தனை வருடத்தில் இதையெல்லாம் யாரும் பொய் என்று சொன்னதில்லை. எனக்கும் அப்படித் தோன்றியதில்லை. ஆனால் ஒரு சிரிப்பை எடுத்து வேறு இடத்தில் வைத்தது மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அந்த எபிசோடு நிறத்தைப் பற்றியது. மற்றபடி எங்கள் நிகழ்ச்சி கிரிக்கெட், சினிமா, நடுவில் இருவரும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொள்வது, அவ்வளவுதான். அந்த ஓட்டலைக் கேட்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். இருவரில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்போம். நல்ல கறுப்பு. அதை வைத்து அடுத்தவன் ஜோக் போடுவதற்கு முன்னால் அவரே போட்டுவிடுவார். கூடப் பேசுகிறவர் அவருடைய கல்லூரிக்கால நண்பர், வாயைத் திறந்தால் மச்சான்தான்.

பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் பாரி மகளிரின் பெயரை இரண்டு பெண்களுக்கு வைத்து, நிறத்துக்காகக் கேலி செய்ததற்குத் தியேட்டரே சிரித்ததைப் பேசினார்கள். அதற்கு நாமும்தான் சிரித்தோம் என்றார் அண்ணன். முன்னாள் கிரிக்கெட் வீரர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் 2021இல், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காக இழிவுபட்டேன், அதுவும் நம் நாட்டிலேயே என்று எழுதியது வந்தது. அப்புறம் இன்னொரு கிரிக்கெட் வீரர், அபினவ் முகுந்த். 2017இல் அவர் ட்விட்டரில் எழுதிய அறிக்கையை அண்ணன் கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொன்னார். நாள் முழுக்க வெயிலில் ஆடுகிறவன் நான், கறுத்துப் போனதற்காக ஒரு தடவைகூட வருத்தப்பட்டதில்லை என்று முகுந்த் எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும், உடனே ஜோக்குக்குத் தாவிவிட்டார்.

"நான் காலேஜ் டீம்ல இருந்தப்போ நைட் மேட்ச்னா என்னை பாயிண்ட்ல நிறுத்த மாட்டானுங்க. ஃபீல்டர் எங்கன்னே தெரியலைன்னு பேட்ஸ்மேன் அம்பயர்கிட்ட சொல்லுவான்."

நண்பர் விடவில்லை. "பாயிண்ட் எதுக்குடா மச்சான், உன்னை சைட்ஸ்கிரீனா நிறுத்தியிருக்கலாமே. வெள்ளைப் பந்துக்குக் கறுப்பு ஸ்கிரீன்தானே வைப்பான்."

இதற்கு அண்ணன் நிஜமாகவே சிரித்தார். தொழில் முறையில் பார்த்தாலும் நல்ல ஜோக். சைட்ஸ்கிரீன் என்பது பேட்ஸ்மேனுக்குப் பந்து தெளிவாகத் தெரிய எதிரே நிறுத்துகிற பெரிய திரை. சிவப்புப் பந்துக்கு வெள்ளைத் திரை, வெள்ளைப் பந்துக்குக் கறுப்புத் திரை என்பது கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் தெரியும். அது தெரிந்தவனுக்குத்தான் சிரிப்பு வரும். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"பகல் மேட்சுக்கும் நிக்கலாம். வெயில்ல நிக்கிறதெல்லாம் உங்க வீட்டுல புதுசா என்ன?"

அண்ணனின் அப்பா தார் ரோடு போடும் வேலையில் இருந்தவர். முன்னொரு எபிசோடில் அண்ணனே சொல்லியிருக்கிறார், அதைத் தொகுத்ததும் நான்தான். நண்பர் அதை நினைத்துத்தான் சொன்னாரா, வாயில் வந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப்பக்கம் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது நிறத்தோடு நிற்காது என்பது மட்டும் தெரியும். நிறத்திலிருந்து வெயிலுக்குப் போகும், வெயிலிலிருந்து வேலைக்குப் போகும். வேலையிலிருந்து எங்கே போகும் என்று தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக். நண்பரின் டிராக்கில் அவர் வரி முடிந்து அவரே சிரிக்கிற அலை தடதடவென்று ஏறி இறங்குகிறது. அதே நேரத்தில் அண்ணன் டிராக்கில் நேர்கோடு. நடுவில் ஒரே ஒரு சின்ன மேடு, டம்ளரை மேசையில் வைத்த சத்தம். அப்புறம் மறுபடியும் கோடு. நாலு நொடி இருக்கும். பேச்சு நிகழ்ச்சியில் நாலு நொடி என்பது ரொம்ப நீளம். பிறகு அண்ணன், "சரி, ஐபிஎல்லுக்கு வருவோம்" என்கிறார்.

ராத்திரி அவருக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணே, அந்த இடத்தைத் தூக்கிடவா?"

"எந்த இடம்?"

"சைட்ஸ்கிரீன்."

"அது நல்ல ஜோக்டா தம்பி."

"ஜோக்கு இல்லண்ணே. அதுக்கு அப்புறம்."

"அதுக்கு அப்புறம் என்ன இருக்கு? ஒரு கேப் இருக்கு. அந்த கேப்பை எடுத்துடு."

நண்பர் சொன்ன வரியையும் எடுத்துவிடுகிறேனே என்று இழுத்தேன். "எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு அவன் கேப்பான். அப்புறம் அதை உக்காந்து பேசணும். எனக்கு அதைப் பேச இஷ்டமில்லை. புரியுதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காய்கறி வாங்கி வரச் சொல்கிற குரலில்தான் சொன்னார். புரியுது என்றேன்.

கேப்பை எடுத்தேன். எடுத்தால் சரியாக வரவில்லை. "வெயில்ல நிக்கிறதெல்லாம் உங்க வீட்டுல புதுசா என்ன?" முடிந்த மறுகணம் "சரி, ஐபிஎல்லுக்கு வருவோம்" என்று வந்தால், முகத்தில் அடித்தாற்போல இருக்கிறது. நாலு நொடி மௌனத்தைவிட அதில்தான் கோபம் அதிகம் கேட்டது. நடுவில் ஏதாவது வேண்டும். என்ன வேண்டும் என்று எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1950களிலேயே சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, டைப்ரைட்டர்போல விசை வைத்துத் தட்டித் தட்டி நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்திருக்கிறார். பெட்டிக்குப் பூட்டு வேறு போட்டிருந்தாராம். எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை. அதே எபிசோடின் தொடக்கத்தில் நண்பர் ஒரு வர்ணனையாளரைப்போல மிமிக்ரி செய்தபோது அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார். அதே மைக், அதே அறை, அதே குரல். தொடக்கத்தில் இருந்த மூச்சைக் கொஞ்சம் வெட்டி, முடிவைச் சரித்து, அடியில் அறையின் வெறும் ஒலியைப் பரப்பினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், தையலே தெரியவில்லை. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மறுநாள் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கேட்டார்: "இது நான் எப்ப சிரிச்சது?"

"அந்த மிமிக்ரிக்குண்ணே."

"ம். பொருந்துது."

அவ்வளவுதான். அவர் கேட்டார், நான் செய்தேன், அவர் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். இதில் எங்கே தவறு என்று நானே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. அடிபட்டவன் தான் அடிபட்டது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தால், அதைத் தெரியப்படுத்த எனக்கு என்ன உரிமை? என் நிறத்தை வைத்து யாரும் ஜோக் போட்டதில்லை. மாநிறம், எந்தக் கூட்டத்திலும் கரைந்துவிடலாம். அந்த மௌனத்தை அப்படியே விட்டிருந்தால் நான் நியாயமானவன் என்று எனக்கு வேண்டுமானால் தோன்றியிருக்கும், அடுத்த வாரம் முழுக்க ஆறுதல் செய்திகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அண்ணனாக இருந்திருப்பார். நேரலையென்றால் கதை வேறு. 2019 ஜனவரியில் டர்பனில் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃபராஸ் அகமது, தென்னாப்பிரிக்க வீரர் பெலுக்வாயோவைப் பார்த்து நிறத்தை வைத்துச் சொன்னது ஸ்டம்ப் மைக் வழியாக அப்படியே உலகத்துக்குப் போய்விட்டது. நாலு ஆட்டம் தடை. அங்கே நடுவில் என்னைப்போல ஓர் ஆள் கிடையாது. இங்கே இருந்தேன், இருக்கிறவன் எதையாவது செய்துதான் ஆக வேண்டும். எதையும் தொடாமல் விடுவதும் ஒரு தொகுப்புதான்.

இந்த நியாயமெல்லாம் ஒரு மீட்டிங் வரைக்கும் தாங்கியது.

அந்த எபிசோடிலிருந்து எதை ரீல்ஸாகப் போடலாம் என்று பேச்சு. சைட்ஸ்கிரீன் பகுதி முதலில் இருந்தது. எழுத்துக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, அதுவரை வாயைத் திறக்காதவள், "அதை வேண்டாமே சார்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "முதல் வரி சரி சார். ரெண்டாவது வரி கலரைப் பத்தி இல்லையே. அவங்க வீட்டைப் பத்தில்ல?" என்றாள்.

நண்பர் கோபப்படவில்லை. அவர் கோபக்காரர் இல்லை. "ஏம்மா, அவனே விழுந்து விழுந்து சிரிக்கிறான். கேட்டுட்டுச் சொல்லு" என்று ஃபோனில் அந்த இடத்தைப் போட்டார். நான் வைத்த சிரிப்பு அந்த அறையில் கணீரென்று கேட்டது. அண்ணன் அங்கேதான் இருந்தார், தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு. "போடுங்க, ஒண்ணும் இல்ல" என்றார்.

"சாரி சார். நான்தான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்போல" என்றாள் அவள்.

அவள் சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மூன்று பேருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இல்லை, இரண்டு பேருக்குத்தான் தெரியுமோ என்னவோ. எனக்குப் பிடிபடாத இடம் இதுதான். பதிவின்போது நண்பர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த நாலு நொடியை நேரில் பார்த்தவர். ஆனால் ஃபோனில் போட்டுக் காட்டியபோது அவர் முகத்தில் நடிப்பு இல்லை. தன் சிரிப்பு சத்தத்தில் எதிராளி சிரிக்காததைக் கவனிக்காமலே விட்டிருக்கலாம். அல்லது எபிசோடை இரண்டு தடவை கேட்டபின் என் சிரிப்பே அவர் ஞாபகத்தில் உட்கார்ந்துவிட்டிருக்கலாம். எப்படியோ, இனி அவரைப் பொறுத்தவரை அன்று அண்ணன் சிரித்தார். ஆதாரம் இருக்கிறது.

வெஸ்ட் இண்டீஸ் வீரர் டேரன் சாமி 2020இல் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. ஹைதராபாத் ஐபிஎல் அணியில் இருந்தபோது தன்னைக் கறுப்பன் என்ற பொருளில் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வலுவான குதிரை என்று பொருள் என அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூப்பிடும்போது சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள், ஏதோ வேடிக்கை என்று தானும் சேர்ந்துகொண்டேன் என்றார். பிறகு அணியில் இருந்த ஒருவர் அவரிடம் பேசி, அது அன்போடு சொன்னதுதான் என்று விளக்கினாராம். சொன்னது அன்பாகவே இருக்கட்டும். அந்தச் சிரிப்பையே சம்மதத்துக்குச் சாட்சியாக எடுத்துவைக்க முடியும் என்பதுதான் எனக்கு உறைத்தது. சாமியாவது தன் வாயால் சிரித்தார்.

இதற்கு நேர் எதிராக அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பேல். 2005இல் தன் டிவி நிகழ்ச்சிக்கான 5 கோடி டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்கா போய்விட்டார். படப்பிடிப்பில் ஒரு இனக்கேலிக் காட்சிக்கு வெள்ளைக்காரர் ஒருவர் சிரித்த சிரிப்பு சரியாகப் படவில்லை என்று மறுவருடம் டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் சொன்னார். ஒரு சிரிப்பில் இருந்த கோளாறு அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு காது இருந்தது. அண்ணன் சிரித்த சத்தத்தையும் மீறி அந்த வரி அவளை உறுத்தியிருக்கிறது, அதை எல்லோர் முன்னிலும் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள். என் தொகுப்பு அவளைத் தப்பாகக் கேட்டவளாக்கி உட்கார வைத்தது. அண்ணனுக்காகச் செய்தேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் கணக்கு மட்டும் அதில் அடங்கவில்லை.

இதையும் சொல்ல வேண்டும்: அண்ணன் வாயைத் திறந்து "நான் சிரிக்கலை" என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவர் இஷ்டம். ஆனால் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் பொய் சொன்னது யார் என்று ஆகியிருக்கும்? அதை நினைத்து எனக்காகத்தான் பேசாமல் இருந்தாரோ என்றும் ஒரு யோசனை. ரொம்பத் துருவினால் எல்லாமே என்னைச் சுற்றி நடப்பதுபோல ஆகிவிடுகிறது, அதனால் அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

ரீல்ஸ் போட்டார்கள். நன்றாக ஓடியது. அந்தப் பெண் இப்போது மீட்டிங்கில் நன்றாகவே பேசுகிறாள், தலைப்பு பற்றி, விருந்தினர் பற்றி. ஜோக் பற்றி மட்டும் கருத்து சொல்வதில்லை. நான் கவனித்த வரையில்.

போன வாரம் என்னிடம் வந்தாள். பழைய எபிசோடுகளிலிருந்து கிரிக்கெட் பகுதிகளை எடுத்து ஒரு தொகுப்பு போடும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் இதுவும் இருந்தது. ஃபைனல் மிக்ஸ் போதுமே, அனுப்பிவைக்கிறேன் என்றேன். "இல்ல சார், பின்னணி மியூசிக் இல்லாம வேணும். ரெண்டு டிராக்கையும் தனித்தனியா, ரா ஃபைலா கொடுத்துடுங்க" என்றாள். வேலைக்கு அதுதான் சரி, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். சர்வரில் தேடி எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தேட ஒன்றுமில்லை, என் டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் எதைப் பேச இஷ்டமில்லை என்று அன்றைக்கே சொன்னாரோ, அதைத்தான் நான் போய் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.