சூப்பர்வைசருக்குச் சம்பளம் குடுக்கறது யாரு?

சிங்கப்பூர்ல செம்பவாங் ஷிப்யார்டுல இருக்கற, கப்பல் ரிப்பேர் பண்ற கிங் ஜார்ஜ் டாக் 1938 பிப்ரவரி 14ல திறந்தது, ஆயிரம் அடி நீளம். பிரிட்டிஷ் நேவல் பேஸுக்காகக் கட்டினது. வேலைய எடுத்தது சர் ஜான் ஜாக்சன்னு ஒரு கான்ட்ராக்டர் கம்பெனி, ஆனா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டது ஓனரான அட்மிரால்டியோட, அதாவது பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தோட, சொந்த சிவில் இன்ஜினியருங்க.

இப்ப அதே பிரிட்டன்ல டெவன்போர்ட் கடற்படை டாக்யார்டைப் பாருங்க. அங்க அணுசக்தி சப்மரீன் ரிப்பேருக்கு பழைய டாக்கையெல்லாம் பூகம்பம் வந்தாலும் தாங்கற மாதிரி மாத்திக் கட்டணும். 1997ல அரசாங்கம் டாக்யார்டை, அதை நடத்திட்டு இருந்த டிஎம்எல் கம்பெனிக்கே வித்துட்டு, கட்டற வேலையையும் அவங்க கிட்டயே குடுத்துட்டாங்க. ரிஸ்க் கான்ட்ராக்டர் தலையிலன்னு நெனப்பு. அப்ப போட்ட கணக்கு 65 கோடி பவுண்ட், 2002ல பிரிட்டனோட தேசிய தணிக்கை அலுவலகம் அறிக்கை விடும்போது 93 கோடி தாண்டியாச்சு, கூடின காசுல பெரும்பகுதி அரசாங்கம்தான் கட்ட வேண்டியதாச்சு. பின்ன, கம்பெனி முழுகினா சப்மரீனை எங்க கொண்டு போய் நிறுத்தறது?

நான் சிங்கப்பூர்ல சைட்ல ஆர்டிஓ, அதாவது கான்ட்ராக்டர் கட்டறது சரியான்னு ஓனர் பக்கம் நின்னு பாக்கற ரெசிடென்ட் டெக்னிக்கல் ஆபீசர், வேலை பாக்கறவன், அதனால இதெல்லாம் படிக்கும்போது சிரிப்பு வராது. கடலோரம் ஒரு சைட்ல டிராயிங்படி கம்பிக்கு மேல 75 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் வேணும், டேப்ப உள்ள விட்டா ஒரு மூலைல 40 கூட இல்ல, அந்த இடைவெளிக்காக வைக்கற கவர் பிளாக் சாஞ்சு கிடக்கு. உப்புக்காத்துல அந்தக் கம்பி எத்தனை நாள் தாங்கும்? கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் நம்ம தஞ்சாவூர்க்காரர், "சார், மிக்சர் லாரி ரெண்டு கேட்ல நிக்குது சார், பாத்து பண்ணுங்க"ன்னு கெஞ்சறாரு, மனுஷன் மேல தப்பில்ல, லாரி திரும்பிப் போனா அவருக்குத்தான் திட்டு. நான் கையெழுத்து போடல, லாரி திரும்பிப் போச்சு. என் சம்பளம் அந்தக் கான்ட்ராக்டர் ஆபீஸ்ல இருந்து வந்திருந்தா போட்டிருப்பேனா மாட்டேனா, சத்தியமா சொல்லத் தெரியல.

2004 ஏப்ரல் 20ல இங்க நிக்கல் ஹைவே ரோடு, பக்கத்துல ரயில் சுரங்கத்துக்குத் தோண்டின பள்ளத்தோட சேர்ந்து இடிஞ்சு 4 பேர் செத்தாங்களே, அதுவும் டிசைன், கட்டறது ரெண்டும் கான்ட்ராக்டர் கையில இருந்த வேலைதான். விசாரணைக்குப் பிறகுதான் இங்க சட்டத்த இறுக்கினாங்க: ஆழமா தோண்டற வேலைய மேற்பார்க்கற க்யூபிய (தகுதி பெற்ற இன்ஜினியர்) ஓனர் நியமிக்கணும், அவருக்கும் பில்டருக்கும் காசுத் தொடர்பு இருக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனா ஓனரும் சில நேரம் "எப்ப முடியும், எப்ப முடியும்"னு போன் மேல போன் போட்டு, கான்ட்ராக்டரை விட மோசமா நெருக்குவாரு, அதுக்கு எந்தச் சட்டத்துலயும் இன்னும் வழி கண்டுபிடிக்கல.