ஊலாங் டீயோடு இஸகாயாவில் மூன்று ராத்திரி

நான் குடிப்பதில்லை. கொள்கை, விரதம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. அரை கிளாஸ் பீர் உள்ளே போனாலே மறுநாள் மதியம்வரை மண்டை இடிக்கும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆள் அலுவலக வேலையாக டோக்கியோ போய், அங்கே இருந்த ஆறு ராத்திரியில் மூன்றைக் குடிக்கடைகளில் கழித்தேன் என்றபோது வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

எல்லாம் ஒரு ராமென் (சூப் நூடுல்ஸ்) கடையில் தொடங்கியது. போய் இறங்கிய அன்று சாயங்காலம் உவேனோவில் நான் தங்கிய ஓட்டலுக்குப் பக்கத்திலேயே சாப்பிடப் போனேன். வாசலில் ஒரு இயந்திரம். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும்; சீட்டை நீட்டினால் கிண்ணம் வரும். இருபக்கமும் ஐந்தாறு பேர் தலையைத் தூக்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மணி ஏழேகால்தான். இனி அறைக்குப் போய்ச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான் என்று நடந்தபோது, எதிர்ச் சந்தில் சிவப்புக் காகித விளக்கு தொங்கிய ஒரு சின்னக் கடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சும்மா சிரிப்பு இல்லை, மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ரயிலில் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுகிற இந்த ஊர்க்காரர்கள் எங்கே வந்து சிரிக்கிறார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

சிவப்பு விளக்கு என்றதும் நம் ஊர் வாசகர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. அகாச்சோச்சின் என்கிற அந்தக் காகித விளக்கு இஸகாயாவின் அடையாளம். இஸகாயா என்பதை மூன்று எழுத்தில் எழுதுகிறார்கள்: இருத்தல், மது, கடை. எடோ என்கிற பழைய ஆட்சிக் காலத்தில் மதுவை அளந்து விற்ற கடைகளில், வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே இருந்து குடிக்க ஆரம்பித்தார்கள். தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று கடைக்காரர் அடுப்பு மூட்டினார். அப்படி வளர்ந்த சங்கதி இது. முதல் எழுத்தின் ஒலி 'இ', பொருள் 'இரு'. உடனே தமிழும் ஜப்பானியமும் அக்கா தங்கை என்று கிளம்பிவிடாதீர்கள், எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. ஆனால் அந்த 'இரு' மனதில் ஒட்டிக்கொண்டது. ராமென் கடை சாப்பிட்டுப் போகும் இடம். இது இருக்கும் இடம்.

முதல் முயற்சி சொதப்பல். மறுநாள் வேலை முடிந்து ஷின்ஜுகு போனேன். ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் ஒமொய்தே யொகோச்சோ என்று ஒரு சந்து இருக்கிறது. போருக்குப் பிறகு கறுப்புச் சந்தையாக முளைத்த இடம். 1999-இல் ஒரு பகுதி தீப்பிடித்து எரிந்து, பிறகு மறுபடி எழுப்பினார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் கரிப்புகை, ஏழெட்டு முக்காலி போட்ட கடைகள். எல்லாவற்றிலும் கூட்டம். எந்தத் திரையை விலக்கி எங்கே நுழைவது என்று தெரியாமல் மூன்று தடவை மேலும் கீழும் நடந்தேன். கூச்சம்தான், வேறென்ன.

அந்தக் கூச்சத்தோடு ரயில் பாதையைத் தாண்டி கபுகிச்சோ பக்கம் போனது தப்பு. நல்ல ஆங்கிலம் பேசிய ஒரு பையன், "இடம் இருக்கிறது, வாங்க" என்று கூட்டிப்போனான். மூன்றாவது மாடி. நான்கு குச்சி கோழி, ஒரு ஊலாங் டீ, கேட்காமலே வந்த ஒரு கிண்ணம் முட்டைக்கோஸ். பில்லில் உட்கார்ந்ததற்கு ஒரு தொகை, வெள்ளிக்கிழமை என்பதற்கு ஒரு தொகை, சேவைக்கு ஒரு தொகை. மொத்தம் 6,800 யென். 100 யென்னுக்கு 55, 60 ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினால், தெரு ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலேயே அறிவிப்பு: தெருவில் நின்று அழைப்பவர்கள் பின்னால் போகாதீர்கள், ஏமாற்றுவார்கள். அரை மணி நேரம் முன்னால் அது என் காதில் ஏன் விழவில்லை என்று இன்னும் புரியவில்லை.

சனிக்கிழமை என் கல்லூரித் தோழனைப் பார்த்தேன். பத்து வருடமாக நிஷி-கசாயில் இருக்கிறான். டோக்கியோவில் நம் ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி அது. கதையைச் சொன்னதும் நடுத்தெருவில் நின்று சிரித்தான். "டேய், இந்த ஊர்ல நல்ல கடைக்காரன் எவனும் தெருவுக்கு வந்து கூப்பிட மாட்டான்டா" என்று யூராகுச்சோவுக்கு இழுத்துப் போனான்.

யூராகுச்சோவில் ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. 1910-இல் திறந்த செங்கல் வளைவுப் பாலம் அது. ஜெர்மானியப் பொறியாளர்கள் யோசனை சொல்லிக் கட்டியது. வளைவுகளுக்குள் கடைகள், கடைகளுக்கு வெளியே பீர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்ட மேசைகள். யமனோதே ரயில் போகும்போதெல்லாம் கிளாஸில் இருப்பது லேசாக நடுங்கும், பேச்சு இரண்டு விநாடி நின்று மறுபடி தொடரும். கோட்டும் டையுமாக வந்தவர்கள் டையை மட்டும் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

உட்கார்ந்ததும் சூடான ஈரத் துண்டு வந்தது, ஒஷிபோரி. அதில் கையைத்தான் துடைக்க வேண்டும். நான் முகத்தையும் துடைத்தேன். தோழன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முதல்ல குடிக்கறதைச் சொல்லு. சாப்பாடு அப்புறம்." அங்கே அதுதான் வரிசை. நாலு பேர் வந்தால் நாலு பேரும் யோசிக்காமல் 'தொரியாயெஸு பீரு' என்பார்களாம். 'இப்போதைக்கு பீர்' என்று அர்த்தம். அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடித்திருந்தது. ராத்திரி நீளமானது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தொனி.

நான் ஊலாங் டீ என்றதும், "'ஊலாங்-சா'ன்னு தெளிவாச் சொல்லு. 'ஊலாங்-ஹை'ன்னா சோச்சூ கலந்து வந்துடும்" என்றான். சோச்சூ என்பது அவர்கள் ஊர்ச் சாராயம். இரண்டும் அதே பழுப்பு நிறம், அதே உயரக் கிளாஸ், அதே ஐஸ் கட்டி. வித்தியாசம் தெரியப் பல கடைகளில் சாராயம் கலந்த கிளாஸில் ஒரு கலக்கும் குச்சியைப் போட்டுக் கொடுப்பார்கள். குச்சி இருந்தால் ஹை, இல்லாவிட்டால் வெறும் தேநீர். குடிக்காதவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. கிளாஸைத் தூக்கி எல்லோரோடும் சேர்ந்து 'கன்பாய்' சொல்லிவிட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

தோழன் ஹொப்பி வாங்கினான். பீர் வாங்க வசதியில்லாத காலத்தில், 1948-இல் வந்த பானம். தனியாகக் குடித்தால் போதை என்று சொல்ல ஒன்றும் இருக்காது, 0.8 சதவீதம்தான். கிளாஸில் சோச்சூ, பக்கத்தில் ஹொப்பி பாட்டில் தனியாக வரும், நாமே கலந்துகொள்ள வேண்டும். சோச்சூ தீர்ந்தால் 'நாகா' என்று கேட்கிறார்கள், அதாவது 'உள்ளே'. பாட்டில் தீர்ந்தால் 'சோதோ', 'வெளியே'. ஒரு பாட்டிலுக்கு அவன் மூன்று முறை 'உள்ளே' சொன்னான்.

கேட்காமல் வந்த கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அது ஏமாற்று இல்லையாம். ஒதோஷி என்று பெயர். பெரும்பாலான இஸகாயாக்களில் 300, 500 யென்னுக்கு இப்படி ஒன்று வரும். உட்காரும் இடத்துக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். டிப்ஸ் கிடையாது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. அன்றைக்கு வந்தது இஞ்சி போட்டு வேகவைத்த முள்ளங்கி. முந்தின நாள் முட்டைக்கோஸுக்கும் இதற்கும் உள்ள தூரமே அந்த இரண்டு கடைக்கும் உள்ள தூரம்.

அப்புறம் யாக்கிதோரி, குச்சியில் கோர்த்துச் சுட்ட கோழி. ஒரு கோழிக்குள் இத்தனை சங்கதி இருப்பது தெரியாமலே இத்தனை வருடம் தின்றிருக்கிறேன். தொடை, தோல், ஈரல், இதயம், இரைப்பை, குருத்தெலும்பு, வாலடிக் கொழுப்பு எல்லாம் தனித்தனிக் குச்சி, தனித்தனிப் பெயர். ஒவ்வொன்றுக்கும் உப்பா, தாரே என்கிற இனிப்புச் சாறா என்று சொல்ல வேண்டும். ஈரலுக்குத் தாரே, தோலுக்கு உப்பு என்பது தோழனின் சட்டம், நானும் ஒத்துக்கொள்கிறேன். தோல் அப்பளம்போல நொறுங்கியது. குடலை மிசோ என்கிற சோயா விழுதில் கொதிக்கவிட்ட மொட்சுனி வந்தபோது நம் போட்டி ஞாபகம். மிளகும் வரமிளகாயும் இல்லாத குறைக்கு, மேசையில் இருந்த ஷிச்சிமி மிளகாய்ப் பொடியை நான் கொட்டிக்கொண்ட விதத்தைப் பக்கத்து மேசைக்காரர் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிடக் கூடாது. இரண்டு தட்டு, பேச்சு, மறுபடி இரண்டு தட்டு. வேண்டும்போது உரக்க 'சுமிமாசென்!' என்று கூப்பிட வேண்டும். மன்னிப்புக் கேட்கிற அதே சொல்லைத் தொண்டை கிழியக் கத்துவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடைசியில் ஷிமே, முடித்து வைக்கிற பதார்த்தம். சோற்றில் சூடான தேநீர் ஊற்றிய ஒச்சாசுகே கேட்டோம். விருந்துக்குப் பிறகு மோர்ச்சோறு செய்கிற வேலையை அது செய்தது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெறும் காய்கறி போலத் தெரிகிற பலவற்றிலும் தாஷி இருக்கும், அது பெரும்பாலும் மீனில் எடுத்த சாறு. கத்திரிக்காய் மேல் ஏதோ சீவல் ஆவியில் நெளிந்து ஆடினால், அது காயவைத்த சூரை மீன். உப்பு போட்ட எடமாமே என்கிற பச்சை சோயாக் காய், சுட்ட ஷிஷிதோ மிளகாய் என்று நகர்த்தலாம். அவற்றின் மேலும் சீவல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடைசி ராத்திரி. மறுநாள் காலை விமானம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, முதல் நாள் சிரிப்புச் சத்தம் கேட்ட அந்த எதிர்ச் சந்துக் கடைக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் அடுப்புக்குப் பின்னால் நின்ற அம்மா இரண்டு கையையும் பெருக்கல் குறிபோலக் காட்டினார். எழுபது வயதிருக்கும். முதல் நாளாயிருந்தால் அதோடு அறைக்குத் திரும்பியிருப்பேன். பார்த்தால் எட்டு இருக்கை, எட்டு பேர். இடமில்லை, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்தேன். ஓர் இருக்கையைக் கையால் காட்டினார்.

மெனு அட்டை கிடையாது. சுவர் முழுக்க நீளநீளக் காகிதத்தில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். போனை நீட்டி மொழிபெயர்த்தால் ஒரு காகிதம் 'குளிர்ந்த பயல்' என்றது. துணிந்து அதையே காட்டினேன். வந்தது குளிர்ந்த டோஃபு, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும். ஊலாங்-சா என்பதை மூன்று முறை சொன்னேன். குச்சி இல்லாத கிளாஸ் வந்தது. மூலையில் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். 2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களுக்குள் புகைக்கத் தடை என்றாலும், வேலையாள் வைக்காத சின்னக் கடைகளுக்கு டோக்கியோவில் விலக்கு உண்டு. புகையைச் சகித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். கடையிலேயே அதிகச் சத்தம் அவருடையதுதான். முதல் நாள் மேசையைத் தட்டிச் சிரித்ததும் அவராகத்தான் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து "இந்தோ? காரே?" என்றார். இந்தியா, கறி. ஆமாம் என்றேன். அதிலேயே அவருக்குப் பரம சந்தோஷம். போனில் நான் தட்டியதை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்து, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதியது 'இங்கே மீன் நன்றாக இருக்கிறது' என்பது மட்டும்தான். போன் என்ன சொன்னதோ.

பின்சுவர் அலமாரியில் வரிசையாகச் சோச்சூ பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பெயர்ச்சீட்டு. வாடிக்கையாளர்கள் முழு பாட்டிலாக வாங்கி வைத்துவிட்டு, வரும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றிக்கொள்வார்கள். மேல்தட்டில் இருந்ததைக் காட்டிப் பெரியவர் தன் மார்பைத் தட்டிக்கொண்டார். என்னுடையது. முக்கால்வாசி நிரம்பிய பாட்டில். பிறகு தன் தட்டிலிருந்த சுட்ட மத்தி மீனில் பாதியை, சாப்பிடும் குச்சிகளைத் திருப்பிப் பிடித்து, என் தட்டில் வைத்தார்.

பதினோரு மணிக்கு எழுந்தேன். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் 2,150 என்று எழுதி நீட்டினார் அந்த அம்மா. சாப்பாட்டுக்கு நன்றி என்கிற 'கோச்சிசோசமா' சொன்னேன். பெரியவர் கடைசியாக ஒரு 'கன்பாய்' வேண்டும் என்று என் காலி கிளாஸில் தன் கிளாஸை இடித்தார். பழுப்பு நிறம், பாதி கரைந்த ஐஸ் கட்டி. அந்த வரிசையில் இருந்த மற்ற ஆறு கிளாஸிலும் கலக்கும் குச்சி இருந்தது. அவருடையதில் இல்லை.