பதினொரு பாட்டுக்கு நான்கு கையெழுத்து

எங்கள் நாடகத்திலிருந்து எடுத்த படத்துக்குச் சான்றிதழ் வந்து பத்து நாள் ஆகிறது. படங்களைத் தரம் பிரிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏ, பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) தரம் கொடுத்திருக்கிறது. விண்ணப்பித்தோம், கட்டணம் கட்டினோம், வந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் நடந்தது. சிங்கப்பூரில் தமிழ் நாடகம் போடுகிற நண்பர்கள் சிலர், "நம்ம நாடகத்தையும் படமா எடுத்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாடகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. 2019இல், 80 இருக்கை கொண்ட பிளாக் பாக்ஸ் அரங்கில் ஆறு காட்சிகள். 75 நிமிடம், இரண்டு நடிகைகள், ஓர் ஆர்மோனியம், ஒரு வயலின், 11 பாட்டு. அம்மா இறந்த பிறகு அவருடைய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்ய அக்காவும் தங்கையும் வருகிறார்கள். ஓர் இரவு முழுக்கப் பெட்டி கட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. தங்கை அம்மாவின் டிபன் கேரியரை எடுத்து முன்வரிசையில் இருக்கும் ஒருவர் மடியில் வைத்துவிட்டுப் பாட ஆரம்பிப்பாள். அந்த மனிதர் பாட்டு முடியும்வரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். ஆறு நாளும் ஒருவர்கூட அதைக் கீழே வைக்கவில்லை. அதைப் படத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

முதல் அடி ஒரு மின்னஞ்சலில் விழுந்தது. செலவில் ஒரு பகுதிக்காக ஓர் அமைப்பிடம் விண்ணப்பித்திருந்தோம். "ஆவணங்கள் முழுமையாக இல்லை" என்று பதில் வந்தது. எந்த ஆவணம் என்று சொல்லவில்லை. திரைக்கதை, வரவுசெலவுத் திட்டம், நடிகைகளின் ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அதே ஒற்றை வரி. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரில் போனேன். முகப்பில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இங்கேயும் அப்படித்தான் போட்டிருக்கு" என்றார். எது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அதை அதிகாரிதான் சொல்ல வேண்டுமாம், அவர் விடுமுறையில் இருந்தார். ஏழாவது வாரம் அந்த அதிகாரியே கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார்: "பாட்டெல்லாம் யாருடையது? நீங்கள் பயன்படுத்தலாம் என்று காட்டும் தாள் எங்கே?"

இந்த ஒரு கேள்வியை ஏழு வாரத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கேள்வி சரியானது. எங்களிடம் அந்தத் தாள் இல்லை.

பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். 1,500 வெள்ளி, வாட்ஸ்அப்பில் பேசி முடித்தது. காசு கொடுத்துவிட்டோம், அதனால் மெட்டு நம் குழுவுடையது என்று நான் நம்பியிருந்தேன். அப்படிக் கிடையாது. அண்ணன் போல வெளியிலிருந்து இசையமைத்துத் தருகிறவர் காசு வாங்கிக்கொண்டாலும், எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றித் தராதவரை பதிப்புரிமை அவருடையதுதான். எங்களுக்குக் கிடைத்திருந்தது மேடையில் பாடும் அனுமதி மட்டும். படத்தோடு இணைக்கும் உரிமையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அண்ணனைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "மேடைக்குன்னு கேட்டீங்க, மேடைக்குப் போட்டுக் கொடுத்தேன். படம்னா வேற மாதிரி போட்டிருப்பேன் தம்பி" என்றார். அதோடு விடவில்லை. "முன்னோட்டத்துல என் பேரைக் காணோமே?"

நாற்பது வினாடி முன்னோட்டம் ஒன்றை அவசரமாகச் செய்து இணையத்தில் போட்டிருந்தோம். நடிகைகள் பெயர் இருந்தது, என் பெயர் இருந்தது. அவருடைய இசைதான் அந்த நாற்பது வினாடியும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிடச் சொல்கிறது. சட்டம் இருக்கட்டும், அவர் கேட்ட தொனியை என்னால் மறக்க முடியவில்லை. அன்று இரவே முன்னோட்டத்தை எடுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தேக்காவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இரண்டு பக்க ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தோம். படத்துக்கு மட்டும் அனுமதி, மேடை உரிமை அவரிடமே இருக்கும், எல்லா விளம்பரத்திலும் பெயர், ஒரு தொகை, வருமானம் வந்தால் அதில் பத்து விழுக்காடு. அவர் தொகையைக் கூட்டிக் கேட்கவே இல்லை. நாடகம் போடும்போதே இந்தத் தாளை எழுதி வாங்கிவிடுங்கள். படம் எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், "பின்னால் படமானால் என்ன ஏற்பாடு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தோடு முடியவில்லை. நான்காவது பாட்டின் வரிகள் இங்கே வாழ்ந்து 2016இல் மறைந்த ஒரு கவிஞருடையவை. இறந்த ஆண்டுக்குப் பிறகும் 70 ஆண்டு உரிமை உண்டு, அதாவது 2086 முடியும்வரை அது அவருடைய மூன்று பிள்ளைகளுக்குச் சொந்தம். மேடைக்கு மூத்த மகன் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லியிருந்தார். படத்துக்கு மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் போட்டார். லண்டனில் இருக்கும் இளையவர் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார். ஜொகூர் பாருவில் இருக்கும் மகள், "அப்பா விஷயம் தம்பி, வக்கீல் பார்த்துச் சொன்னாத்தான் போடுவேன்" என்றார். நியாயம்தான்.

தாள்களை முதலில் அவர் சொன்ன வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பிறகு அந்த அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ஜொகூரில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள் என்று பத்து வருடமாக மனதில் பதிந்து கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. 170 பேருந்தில் ஏறி, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நின்று, பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் மறுபடி வரிசையில் நின்று, மூன்று மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தால் அலுவலகக் கதவு சாத்தியிருக்கிறது. அந்த வெயிலில் அங்கே நின்றபோது படமே வேண்டாம் என்றுதான் தோன்றியது.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா தம்பி? சரி, வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் போ" என்றார். சாப்பிட்ட பிறகு பாட்டைக் கேட்க வேண்டும் என்றார். கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது அடியில் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கவிஞர் எழுதியிருந்தது "முன்றில்". நாங்கள் ஆறு நாளும் "முற்றம்" என்று பாடியிருக்கிறோம். எங்கள் கைக்கு வந்த தட்டச்சுப் பிரதியில் யாரோ மாற்றிவிட்டிருக்கிறார்கள். அந்த வீணான பயணத்தில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு சொல். இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, கையெழுத்தும் கிடைத்தது.

இன்னொரு எச்சரிக்கை. நாடகத்தில் அக்கா பாத்திரம் ஒரு பழைய சினிமாப் பாட்டின் இரண்டு வரியை முணுமுணுப்பாள். இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான காம்பஸிடம் மேடைக்கு எடுத்த உரிமம் படத்துக்குச் செல்லாது. உரிமையாளருக்கு எழுதி இரண்டு மாதம் காத்திருந்தால், எங்கள் மொத்த இசைச் செலவைவிடப் பெரிய தொகை கேட்டார்கள். அந்த இடத்தில் ஆராரோ ஆரிரரோ என்று வழிவழியாக வந்த தாலாட்டை வைத்துக்கொண்டோம். இப்போது பார்த்தால் அதுதான் அந்தக் காட்சிக்குப் பொருத்தம்.

படப்பிடிப்பு ஹவ்காங்கில், ஒரு நண்பரின் காலி வீட்டில். கீழ்த்தளத்திலும் நடைபாதையிலும் எடுக்க நகர மன்ற அனுமதி சிரமம் இல்லாமல் வந்தது.

பாட்டுகளை முதலில் ஸ்டூடியோவில் பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டு வாயசைத்து எடுத்தோம். எல்லோரும் செய்வதுதானே. தொகுப்பு மேசையில் ஒரு வினோதம்: ஒவ்வொரு பாட்டும் சரியாகத் தொடங்கி, போகப் போக உதடு பின்தங்கியது. நடிகைகள்மேல் தவறு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தோம், அதற்காக அவர்களிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கேமரா நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) எடுத்திருக்கிறது, தொகுப்பு மென்பொருள் 23.976 என்று வைத்திருந்தது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் அது ஏறத்தாழ கால் வினாடி, ஆறு சட்டகம். பேச்சுக் காட்சியில் சிறு துண்டுகளாக வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாது, வெட்டாமல் ஓடும் பாட்டில் நன்றாகத் தெரியும். ஒலிப்பதிவாளரும் ஒளிப்பதிவாளரும் தொகுப்பாளரும் முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்து இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைச் சரிசெய்த பிறகும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. உதடு பொருந்தியது, மூச்சு பொருந்தவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாடுகிறவளின் குரலில் பெட்டியின் கனம் இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்ட அந்தச் சின்ன விசும்பல் ஸ்டூடியோவில் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. 1934இல் பவளக்கொடி நாடகம் படமானபோது பின்னணிப் பாட்டு என்பதே கிடையாது, நடிப்பவர்களே கேமரா முன் பாடினார்கள். 2012இல் லே மிசெராப்ளே படத்திலும் நடிகர்கள் காதில் சிறு கருவி வைத்துப் பியானோவைக் கேட்டுக்கொண்டே நேரடியாகப் பாடினார்கள். நம் நாடகமோ இரண்டு பேர், ஓர் ஆர்மோனியம். நாம் ஏன் பயப்பட வேண்டும்? கையில் மீதியிருந்த பணத்தில் நான்கு பாட்டுகளை மட்டும் மறுபடி, நேரடிக் குரலில் எடுத்தோம். ஆர்மோனியக்காரர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார், நடிகையின் காதில் மட்டும் அது கேட்கும். குரல் தனியாக, சுத்தமாகக் கிடைக்கும்.

வீவக வீட்டில் நேரடிக் குரல் எடுப்பது எளிதில்லை. சீரமைப்பு வேலையில் சத்தமான இடிப்பும் துளையிடலும் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கூடாது. எந்த வீட்டில் வேலை நடக்கிறது என்று மின்தூக்கி பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள், முன்கூட்டியே போய்ப் படித்துவிடுங்கள். பாய லேபார் விமானத் தளம் பக்கத்தில் இருப்பதால் வார நாளில் போர் விமானச் சத்தம் வேறு. வார இறுதி விடியற்காலை நல்லது என்று போனால் குயில் கூவ ஆரம்பித்துவிடும், அது நிற்கவே நிற்காது. கடைசியில் சனி இரவு பதினொன்றுக்கு மேல்தான் எங்களுக்கு அமைதி கிடைத்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லிவிட்டோம். எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தியவர் தன் கார்ச் சாவியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடட்டும். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதனால் மறுபடி போட மறக்கவும் மாட்டார்.

டிபன் கேரியர் காட்சியைத்தான் அதிக முறை எடுத்தோம். நடிகை லென்ஸைப் பார்த்துப் பாடினால் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. கடைசியில் கேமராவை முன்வரிசைக்காரரின் முட்டி உயரத்துக்கு இறக்கினோம். அவள் கேரியரைக் கொண்டுவந்து லென்ஸுக்கு அடியில், படச்சட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு விலகிப் போய்ப் பாடுகிறாள். நான்கு நிமிடம், ஒரே ஷாட். கேரியர் பார்ப்பவர் மடியிலேயே இருப்பதுபோல் இருக்கிறது. ஒன்பதாவது தடவையில் கிடைத்தது.

ஒரு விஷயத்தை அண்ணன்தான் காப்பாற்றினார். மேடையில் ஒவ்வொரு பாட்டும் முத்தாய்ப்போடு முடியும், கைதட்டலுக்கு இடம் விட்டு. படத்தில் அந்த இடம் வெறுமையாக, யாரோ வசனத்தை மறந்துவிட்டதுபோல் இருந்தது. முதல் தொகுப்பைப் பார்த்துவிட்டு, "முத்தாய்ப்பை எடுத்துடலாம் தம்பி, பாட்டு பேச்சுக்குள்ள கரையட்டும்" என்றார். ஏழு பாட்டின் முடிவை அவரே மாற்றிக் கொடுத்தார், அதற்குத் தனியாக ஒரு வெள்ளி வாங்கவில்லை.

சான்றிதழ் வந்த அந்த வார இறுதியில் நாற்பது பேர் உட்காரும் ஒரு சின்ன அறையில் எங்களுக்காக ஒரு காட்சி வைத்தோம். ஜொகூர் பாரு அக்கா பேருந்து பிடித்து வந்திருந்தார், கையில் அந்த நோட்டுப் புத்தகத்தோடு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்காவது பாட்டு வந்தது. இரண்டாவது அடியில் நடிகை "முன்றில்" என்று பாடியபோது, அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மடியிலிருந்த நோட்டைத் தட்டிக்கொடுத்தார்.