நடப்பு வட்டியும் நாளைய வட்டியும்

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மாடியில் இயங்கும் பங்குத் தரகு அலுவலகத்தில் 2008ஆம் ஆண்டிலிருந்து டீலராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள். பள்ளி, கல்லூரிகளிலும் மின்வேதியியல் ஆய்வகத்திலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியா போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தனியாக இருந்துகொண்டு டிவிடெண்ட் வரவைத் தாங்களே எழுதி வைக்கும் ஆச்சிமார்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு கூடும் வாரத்தில், என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வட்டி குறைஞ்சா மார்க்கெட் ஏறுமா, தம்பி?"

பல ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு "ஏறும்" என்றே பதில் சொல்லி வந்தேன். அந்தப் பதில் முழுத் தவறு என்று சொல்ல முடியாது. அது பாதிப் பதில். பாதிப் பதிலை நம்பி ஒருவர் பணத்தை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலைச் சொன்னவனும் நான்தான்.

2022 ஏப்ரல் கடைசி வாரத்தில், தேவகோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சிறிய இடம் ஒன்றை விற்ற பணத்தில் 4 லட்ச ரூபாயை ஒரு நிதி நிறுவனத்தின் பங்கில் என் மூலமாகவே போட்டிருந்தார். வைகாசியில் மூத்த மகளுக்குக் கல்யாணம். பங்கை விற்றுவிடலாமா என்று கேட்டார். ஏப்ரல் 8ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலேயே விட்டு வைத்திருந்தது. அடுத்த கூட்டம் ஜூன் முதல் வாரத்தில்தான். "ஜூன் வரைக்கும் வட்டியில கை வைக்க மாட்டாங்க, ஐயா. மே நடுவுல விப்போம், இன்னும் கொஞ்சம் ஏறும்" என்றேன். அவர் என் பேச்சைத் தட்டவில்லை.

மே 3ஆம் தேதி ரம்ஜான் விடுமுறை. மறுநாள் புதன்கிழமை, அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள். எல்ஐசி பங்கு வெளியீடு அன்றுதான் திறந்தது என்பதால், வழக்கமாக மதியத்தில் வெறிச்சோடிக் கிடக்கும் அலுவலகத்தில் பாலிசி எண்ணும் பான் கார்டு நகலுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ரிசர்வ் வங்கிக் கவர்னர் சக்திகாந்த தாஸ் இரண்டு மணிக்குப் பேசப் போகிறார் என்று தொலைக்காட்சியில் வரி ஓடியது. எதைப் பற்றி என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பேசி முடிப்பதற்குள் டெர்மினல் திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. ரெப்போ விகிதம் 0.40 சதவீதம் உயர்ந்து 4.40 ஆனது, வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதமும் அரை சதவீதம் கூடியது. சென்செக்ஸ் அன்று 1,307 புள்ளிகள் சரிந்து 55,669இல் முடிந்தது. வாத்தியாரின் பங்கு சந்தையை விட அதிகமாக விழுந்தது. அடுத்த வாரத்தில் அவர் விற்றபோது கைக்கு வந்தது, போட்டதை விட 52 ஆயிரம் குறைவு. நகைக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வார இறுதியில் ஏப்ரல் 8ஆம் தேதிக் கொள்கை அறிக்கையை முதல் முறையாக வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க மனம் கனத்தது. நான் "மாற்றமில்லை" என்று எடுத்துக்கொண்ட அறிக்கையில் மாற்றம் இருந்தது. வங்கிகளிடம் மிஞ்சும் பணத்தை ரிசர்வ் வங்கி வாங்கி வைத்துக்கொள்ள எஸ்டிஎஃப் என்ற புதிய வசதியை அறிமுகப்படுத்தி, அதற்கு 3.75 சதவீத வட்டி கொடுத்திருந்தார்கள். அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த ரிவர்ஸ் ரெப்போவின் வட்டி 3.35தான். ரெப்போவைத் தொடாமலே, வட்டியின் தரைமட்டத்தை 0.40 உயர்த்திவிட்டார்கள். தாராளப் போக்கைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவதில் கவனம் செலுத்துவோம் என்ற வாக்கியமும் அதிலேயே இருந்தது. அன்றே பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் ஈட்டு விகிதம், அதாவது அதை அன்றைய விலைக்கு வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டி, 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நான்கு நாள் கழித்து வெளியான மார்ச் மாதச் சில்லறைப் பணவீக்கம் 6.95 சதவீதம், ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட மேல்வரம்பு 6. பத்திரச் சந்தைக்காரர்கள் இவற்றையெல்லாம் வைத்து வட்டி ஏறும் என்று விலை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் ஜூன் மாதக் கூட்டத்தின் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதே மே 4ஆம் தேதி இரவு அமெரிக்க ஃபெடரல் ரிசர்வும் வட்டியை உயர்த்தியது. அங்கே உயர்வு 0.50, நம்முடையதை விடப் பெரியது. ஆனால் அமெரிக்கச் சந்தை அன்று ஏறத்தாழ 3 சதவீதம் ஏறியது. அரை சதவீத உயர்வை அங்கே எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். முக்கால் சதவீதமாக உயர்த்திவிடுவார்களோ என்பதுதான் பயமாக இருந்தது. அதை இப்போதைக்குத் தீவிரமாகப் பரிசீலிக்கவில்லை என்று ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் ஜெரோம் பவல் சொன்னதும் அந்தப் பயம் விலகி, விலை ஏறியது. மறுநாள் அந்த ஏற்றம் முழுவதையும், அதற்கு மேலும் சந்தை திருப்பிக் கொடுத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரே நாளில் இரண்டு மத்திய வங்கிகள் வட்டியை ஏற்ற, ஒரு சந்தை விழுந்து இன்னொன்று எழுந்ததைப் பார்த்த பிறகு, வட்டி ஏறினால் சந்தை இறங்கும் என்று ஒற்றை வரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சந்தை நேற்றே ஒரு வட்டியை மனதில் வைத்து விலை போட்டிருக்கிறது. வந்த வட்டிக்கும் அந்த வட்டிக்கும் இடையே உள்ள தூரம்தான் அன்றைய ஏற்ற இறக்கம்.

இதை வேறு சொற்களில் எனக்குத் தெளிவாக்கியவர் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய ஐயா ரங்கூனில் லேவாதேவி செய்தவர். கடைநிலை வேலையான பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளானவர். டிமேட் கணக்குக்குக் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாத்தியாருக்கு நேர்ந்ததைச் சொன்னேன். வீட்டில் கேட்டு வளர்ந்த கதையை அவர் சொன்னார். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதாமாதம் கூடி நடப்பு வட்டியை நிர்ணயிப்பார்கள். தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த மாதத்தில் அதுதான் கணக்கு. "கூட்டத்துல என்ன சொல்லுவாகங்கிறது கெட்டிக்கார மேலாளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் தம்பி. நெல்லு அறுப்புக்குப் பணம் எவ்வளவு கேக்குறாக, பேங்கில என்ன வட்டிக்குக் கிடைக்குதுன்னு பார்த்து, வட்டி ஏறும்னா நீண்ட தவணைக்குக் கொடுக்க மாட்டாக. இறங்கும்னா முன்னாடியே தவணைக்குப் போட்டுருவாக. கோயில்ல சொன்னதுக்கப்புறம் ஓடுறவனுக்கு என்ன மிஞ்சும்?"

அந்த வீட்டின் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, நான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் திரையில் பார்த்துவந்த வேலை இந்த மண்ணுக்கு எவ்வளவு பழையது என்று தோன்றியது. 1937 பிப்ரவரி 10இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களோடு அதே நாளில் கிளை திறந்த ஊர் காரைக்குடி. அன்றைக்கு பர்மாவுக்கும் ரிசர்வ் வங்கிதான் மத்திய வங்கி. வட்டியை முன்கூட்டிக் கணிப்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த தொழில் அறிவாக இருந்திருக்கிறது. பங்கு என்று வந்தவுடன் அந்த அறிவை வாசலில் விட்டுவிட்டு வருகிறோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வட்டி ஏன் பங்கு விலையைத் தொடுகிறது என்பதை வாடிக்கையாளர்களுக்கு நான் இப்போது கால்குலேட்டரை வைத்தே காட்டுகிறேன். ஒரு நிறுவனம் பத்து ஆண்டு கழித்து 100 ரூபாய் தரப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத வட்டிக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு 55 ரூபாய் 84 காசு. 8 சதவீதத்தில் 46 ரூபாய் 32 காசு. நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே 100 ரூபாய் அடுத்த ஆண்டே வருவதாக இருந்தால் வித்தியாசம் இரண்டு ரூபாய்கூட இல்லை. லாபம் எல்லாம் எதிர்காலத்தில்தான் என்று சொல்லி விற்கப்படும் பங்குகள் வட்டிச் செய்திக்கு ஏன் அதிகமாக ஆடுகின்றன என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக் கடன், கார் கடன் வாங்குபவரின் மாதத் தவணையும், சந்தையில் கடன் வாங்கிக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களின் செலவும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

வங்கிப் பங்குகளில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வட்டி குறைந்தால் வங்கிக்கு நல்லது என்று நினைக்கிறார்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், ரெப்போ குறைந்தால் வங்கியின் வரவு சீக்கிரமே குறைகிறது. ஆனால் நாம் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டியையே அது கொடுத்தாக வேண்டும். அதனால் முதல் சில காலாண்டுகளில் லாப வரம்பு சுருங்கும். கையிலுள்ள அரசுப் பத்திரங்களின் விலை ஏறுவதால் ஓரளவு ஈடாகும். எது முந்தும் என்பது வங்கிக்கு வங்கி மாறும்.

வாத்தியார் என்னை விட்டுப் போகவில்லை. அந்த ஆண்டு ஆடிக்குப் பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றுடன் வந்தார். ஒவ்வொரு கொள்கை நாளுக்கும் ஒரு பக்கம். இடப்பக்கம் "எதிர்பார்ப்பு", வலப்பக்கம் "வந்தது". முதல் நாளே பத்தாண்டுப் பத்திரத்தின் ஈட்டு விகிதத்தையும் நாளிதழ்களில் வரும் பொருளாதார நிபுணர்களின் கணிப்பையும் இடப்பக்கத்தில் எழுதுவார். அந்த நோட்டில் எனக்குப் பிடித்த பக்கங்கள் இரண்டு. 2025 பிப்ரவரி 7ஆம் தேதிப் பக்கத்தில், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் வட்டிக் குறைப்பு, 6.50இலிருந்து 6.25 என்று இரு பக்கமும் ஒரே எண் இருக்கிறது. கீழே, சென்செக்ஸ் ஏறத்தாழ 200 புள்ளிகள் இறக்கம். வட்டி குறைந்தது, சந்தை ஏறவில்லை. கேட்டிருந்ததுதான் கிடைத்தது என்பதால் புதிதாக வாங்க யாருக்கும் காரணம் இல்லை.

இன்னொன்று அதே ஆண்டு ஜூன் 6. இடப்பக்கத்தில் 0.25 என்று எழுதியிருந்தார். காலை பத்து மணிக்குக் கவர்னர் சஞ்சய் மல்ஹோத்ரா 0.50 குறைத்து 5.50 என்று அறிவித்தார். ரொக்க இருப்பு விகிதத்தையும் நான்கு தவணைகளில் 1 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார். வாத்தியார் பேனாவைத் திறந்தபடி என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி கண்ணெதிரே மேலே போனது. சென்செக்ஸ் 747 புள்ளிகள் ஏறி 82,189இல் முடிந்தது. அலுவலகத்தில் நான்கைந்து பேர் உடனே வாங்கச் சொல்லி ஆர்டர் கொடுக்க வந்தார்கள். வாத்தியார் மட்டும் வலப்பக்கத்தில் இன்னொரு வரி எழுதினார்: நிலைப்பாடு, தளர்வு என்பதிலிருந்து நடுநிலை. இனிமேல் குறைக்க இடம் அதிகம் இல்லை என்பதைக் கவர்னரே சொல்லிவிட்டார். மாலையில் பத்தாண்டுப் பத்திரத்தைப் பார்த்தோம். இவ்வளவு பெரிய குறைப்புக்குப் பிறகும் அதன் ஈட்டு விகிதம் கூடித்தான் முடிந்திருந்தது. பங்குச் சந்தை இன்றைய குறைப்பைக் கொண்டாடியபோது, பத்திரச் சந்தை அடுத்த குறைப்பு வராமல் போவதை எழுதிக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் எனக்குப் பத்திரச் சந்தை மீதுதான் நம்பிக்கை அதிகம். வந்தவர்களில் கடன் வாங்கி வாங்க நினைத்த ஒருவரை அன்று தடுத்து அனுப்பினேன்.

பள்ளத்தூர் ஆச்சி அந்த ஜனவரியிலேயே, முதல் குறைப்புக்கு முன்பாக, தன் டெபாசிட்டுகளை ஐந்தாண்டுத் தவணைக்கு மாற்றிவிட்டார். இதை நான் வாத்தியாரிடம் சொன்னபோது, அவர் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தை மாதம் அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம். அதற்கான பணம் எந்த வங்கியில், என்ன வட்டிக்கு, எந்தத் தேதியில் முதிர்கிறது என்று அங்கே எழுதியிருந்தது. அந்தப் பணத்தை அவர் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.