ஒரே காட்டில் இரண்டு குரல்கள்

பிரேசிலின் மனாஸ் நகரம் முடிகிற இடத்திலேயே அமேசான் காடு தொடங்கிவிடுகிறது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டுக்கி காப்புக்காட்டுக்குள் விடியும் முன்பே நுழைந்தோம், நானும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும். பத்து நிமிடம்கூட நடந்திருக்க மாட்டோம். 'பி... பி-யோ!' என்று சாட்டை சொடுக்கியது போல ஒரு குரல்.

"கிரிக்ரியோ" என்றார் அவர். பறவை நூல்களில் இதன் பெயர் ஸ்கிரீமிங் பிஹா. 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதன் குரலை 116 டெசிபல் என்கிறது. வெள்ளை மணிப்பறவையின் குரலை அளக்கும்வரை இதைத்தான் உலகிலேயே உரத்ததாகக் கருதினார்கள்.

ஆனால் பறவையைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மைனாவைவிடச் சற்றே பெரிய, வெறும் சாம்பல் நிறப் பறவை; ஒல்லியான கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதலில் தொண்டைக்குள்ளேயே மெல்ல உறுமியது. பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை அகலத் திறந்து கத்தியது. மொத்த உடம்பும் அதிர்ந்தது. ஆண்கள் மட்டுமே இப்படி, ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் கூடியிருந்து, பெண் பறவை வரட்டும் என்று பகல் முழுவதும் கத்துகின்றன.

உய்ராபுரு என்ற இன்னொரு பறவைக்காக நான் மூன்று நாள் காத்திருந்தேன். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, தொண்டையில் செங்கல் நிறம். ஓடைக்கரையின் இருட்டில், தரையை ஒட்டியே நடமாடும். அது பாடத் தொடங்கியதும் யாரோ புதருக்குள் உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதுகிறார்கள் என்றே நினைத்தேன். சுரங்கள் அடுத்தடுத்த படியில் ஏறாமல் தாவித் தாவி விழுந்தன. ஆய்வாளர்கள் எமிலி டூலிட்டிலும் ஹென்ரிக் பிரம்மும் 2012இல் இதை ஆராய்ந்து, அந்தத் தாவல்களில் இயைந்து ஒலிக்கும் இடைவெளிகளே அதிகம் வருகின்றன என்று கண்டார்கள். நம் கணக்கில் ஸ–ப, ஸ–ம, ஸ–மேல் ஸ. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பஞ்சமம் சட்டென்று புரிந்துவிடுகிறது. எனக்குக் கண் கலங்கியது.

கிரிக்ரியோவுக்கு இருப்பது ஒரே வரி. அதன் வலிமையெல்லாம் அழுத்தத்தில். உய்ராபுருவின் அழகோ சுரங்களுக்கு நடுவே அது விடும் மௌனத்தில் இருக்கிறது. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான்.

உய்ராபுரு பாடினால் மற்றப் பறவைகள் எல்லாம் வாயடைத்துக் கேட்கும் என்பது அமேசான் மக்களின் கதை. அன்று உச்சிக்கிளையில் இருந்த கிரிக்ரியோ வாயடைக்கவில்லை. என் ஒலிப்பதிவில் நான்கு சுரங்கள் தெளிவாக இருக்கின்றன. ஐந்தாவதன் மேல் அந்தக் கத்தல் விழுகிறது. அதை நான் வெட்டவில்லை.