பின் ஷாக்கில் எனக்குப் பிடிபட்டது

"பின்னாடி ரொம்பக் குத்துது, ஷாக்கை கொஞ்சம் இறக்கி விடுங்க." பைக் பட்டறை வேலையில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுவாகத்தான் இருக்கும். ஷாக் என்பது பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்க ஸ்பிரிங்கோடு இருக்கும் ஷாக் அப்சார்பர். கேட்டதும் ஸ்பேனரை எடுக்க மாட்டேன். முதலில் டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பார்ப்பேன். அளவுக்கு மேல் காற்று இருந்தால் சாலையில் கிடக்கும் சின்னக் கல்கூட சீட்டு வரைக்கும் தெரியும். அதைச் சரி செய்ததுமே பாதிப் பேருக்குக் குறை தீர்ந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி: பின்னால் யார் உட்காருகிறார்கள், என்ன சுமை ஏற்றுகிறீர்கள்? ஷாக்கைச் செட் பண்ணுவது இந்த எடைக்குத் தகுந்த மாதிரிதான். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். இரட்டை ஷாக் வண்டிகள் பலவற்றில் ஐந்து படிகள். கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பி மேல் படிக்குக் கொண்டுபோனால், ஸ்பிரிங் இறுகிப்போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் மாறுகிறது.

சொகுசு இருப்பதே அந்தத் தாழ்வில்தான். மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும், பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆள் உட்கார்ந்ததும் தாழ்ந்தால் போதும். இதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஓர் இடம் வரை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாகப் போகும் எடையோடு உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு அதே இடத்தை அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

பார்சல் கொண்டுபோகும் ஒருவர் வந்தார். பின்னால் கனத்த பெட்டி, ஷாக் இரண்டும் இருப்பதிலேயே கீழ்ப் படியில். இடுப்பு வலிக்கிறது, இதற்கு மேல் இறக்க முடியாதா என்று கேட்டார். ஷாக்கின் தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றை மாட்டி, ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னேன். ஷாக் அமுங்கும்போது தள்ளப்பட்ட டை, அசைவு முடியும் இடத்தில் இருக்கும் ரப்பர் தடுப்பை ஒட்டிப்போய் நின்றிருந்தது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, இரும்பு நேராக இரும்பில் மோதுகிற மாதிரிதான் அவர் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். நான் படியை ஏற்றத் தொடங்கியதும், "இன்னும் டைட் பண்றீங்களேண்ணே" என்று பதறினார். இரண்டு படி ஏற்றினேன். போய்வந்து, "முன்னைவிட மெத்துன்னு இருக்கு" என்றார். மென்மை வேண்டும் என்று இறக்கிக்கொண்டே போவதால் முரட்டுத்தனம் கூடிவிடும் என்பதை வாயால் சொல்லி நம்பவைப்பது கஷ்டம். ஓட்டிப் பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

நேர்மாறான கேஸும் உண்டு. தனியாகப் போகும் ஒல்லியான ஆள், படி உச்சத்தில். இவருக்கு வண்டி தாழவே தாழாது, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் சீட்டிலிருந்து தூக்கிப் போடும். இவருக்குத் தாராளமாக இறக்கிவிடலாம்.

எந்தப் படியிலும் சரியாகாத வண்டிகளும் வரும். சீட்டை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே இருக்கும் ஆயிலின் வேலை முடிந்துவிட்டது. தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அதற்குப் படி மாற்றிப் பயன் இல்லை, இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டியதுதான். வாயு நிரப்பிய ஷாக்கை மட்டும் யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது, உள்ளே அழுத்தம் பலமாக இருக்கும்.

இடமும் வலமும் ஒரே படியில் இருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்துவிடுங்கள், ஒருபக்கம் மட்டும் மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. படி மாற்றியதும் செயின் தளர்வையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஹெட்லைட்டையும் விடக் கூடாது. பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உயர்ந்தால் கிட்டத் தரையிலேயே விழும். இருட்டியதும் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, வழக்கமான எடையோடு உட்கார்ந்து அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.