ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ்: அந்த ஐந்து நிமிடம் எங்கே போனது?

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸை ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிடலாம் என்று அதன் ஆவணங்களிலேயே பெருமையாகப் போட்டிருக்கும். பொய்யில்லை. தளத்தின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, மின்னஞ்சல் கேட்கும் அந்தப் பக்கம் மட்டும் கண்ணில் பட்டுவிட்டால் ஐந்து நிமிடமே அதிகம். அது கண்ணில் படுவதற்குள்தான், ஒரே சர்வரைப் பலருக்குப் பகிர்ந்து வாடகைக்கு விடும் ஷேர்டு ஹோஸ்டிங்காரர்கள் நம்மைப் படுத்தி எடுத்துவிடுகிறார்கள். என் தளம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. முதல்முறை இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று, முட்டுக்கட்டை விழுந்த இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கினேன், இருப்பதிலேயே சிறிய ஹோஸ்டிங் திட்டத்தை எடுத்தேன், அந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரை மாற்றினேன், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் நுழைந்தேன். இதுவரை ஒரு குறையும் இல்லை.

சிபேனலில், மென்பொருள்களைத் தானாக நிறுவித் தரும் சாஃப்டாகுலஸின் ஐகான் பளிச்சென்று இருந்தது. அதை அழுத்தினால், "உயர்ந்த திட்டத்துக்கு மாறுங்கள்" என்று ஒரு விளம்பரப் பக்கம். 'ஒரே க்ளிக்கில் வேர்ட்பிரஸ்' என்று விற்பனைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்தத் திட்டத்துக்கு என்பது கடைசியில் பொடி எழுத்தில் இருந்ததாம். பணம் கட்டுவதற்கு முன்பே சாட்டில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த வசதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: எந்த ஃபோல்டரில் நிறுவுவது என்ற கட்டத்தில் 'டபிள்யூபி' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கலாம். அதைக் காலி செய்யாவிட்டால், வெறும் டொமைன் பெயரை அடித்தால் உங்கள் தளம் வராது.

சரி, கையால்தான் நிறுவ வேண்டும் என்றாகிவிட்டது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஜிப் ஃபைலை இறக்கினேன். எஃப்டிபி (நம் கணினியிலிருந்து சர்வருக்கு ஃபைல் அனுப்பும் முறை) வழியாக ஒவ்வொரு ஃபைலாக ஏற்றுவது வேண்டாத வேலை. உள்ளே ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் இருக்கின்றன. நடுவில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்றே தெரியாது. ஜிப்பை அப்படியே சிபேனலின் ஃபைல் மேனேஜரில் ஏற்றி அங்கேயே பிரித்துவிட்டால் முடிந்தது. பிரித்ததும் 'வேர்ட்பிரஸ்' என்று ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் இருப்பதையெல்லாம் வெளியே, தளத்தின் ஃபைல்கள் இருக்க வேண்டிய பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும்.

நகர்த்தினேன். டொமைனை அடித்தேன். "விரைவில் வருகிறோம்" என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கமே வந்தது. பிரவுசர் கேஷை அழித்தேன், வேறு பிரவுசரில் பார்த்தேன், அதே பக்கம். சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "நேம்சர்வர் மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகும், காத்திருங்கள்" என்று பதில். நானும் நம்பிக் காத்திருந்தேன்.

கொஞ்சம் யோசித்தால் அந்தப் பதில் அபத்தம் என்று புரிந்திருக்கும், முதலில் யோசித்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். அந்த "விரைவில் வருகிறோம்" பக்கமே அவர்களுடைய சர்வரிலிருந்துதானே வருகிறது? அப்படியென்றால் டொமைன் சரியான இடத்துக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது! உண்மையான காரணம் இதுதான்: புதுக் கணக்கு திறந்ததும் அவர்களே ஒரு இன்டெக்ஸ் எச்டிஎம்எல் ஃபைலைப் போட்டுவைக்கிறார்கள். ஒரே ஃபோல்டரில் அதுவும் வேர்ட்பிரஸின் இன்டெக்ஸ் பிஎச்பியும் இருந்தால், எதைக் காட்டுவது என்பது சர்வரின் அமைப்பைப் பொறுத்தது; இவர்களுடைய சர்வர் முன்னதைத்தான் எடுத்துக் காட்டியது. டொமைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு இன்டெக்ஸ் பிஎச்பி ஃபைலின் பெயரை அடித்துப் பார்த்தேன். வேர்ட்பிரஸின் மொழித் தேர்வுப் பக்கம் உடனே வந்து நின்றது. அவர்களுடைய ஃபைலின் பெயரை மாற்றியதும் வெறும் டொமைனுக்கும் அதே பக்கம் வந்தது. 48 மணி நேரக் கதை நிஜமாகவே பொருந்துகிற சமயமும் உண்டு. அப்போது பழைய இடத்தின் பக்கம் வரும், அல்லது தளமே கிடைக்கவில்லை என்று பிரவுசர் சொல்லும். ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது, தளத்தின் பதிவுகளும் அமைப்புகளும் சேமிக்கப்படும் டேட்டாபேஸ். சிபேனலில் இது மூன்று வேலை: டேட்டாபேஸை உருவாக்குவது, அதற்கு ஒரு யூசரை உருவாக்குவது, அந்த யூசரை அந்த டேட்டாபேஸில் சேர்த்து எல்லா உரிமைகளையும் டிக் செய்வது. விசார்ட் என்று ஒன்று இருக்கிறது, அதில் போனால் மூன்றும் வரிசையாகவே வரும். இரண்டு பெயர்களுக்கும் முன்னால் பொதுவாக உங்கள் சிபேனல் பயனர் பெயரும் ஒரு அடிக்கோடும் ஒட்டிக்கொள்ளும். வேர்ட்பிரஸ் கேட்கும்போது அந்த முழுப் பெயரையே கொடுக்க வேண்டும்.

எல்லாம் கொடுத்தும் "டேட்டாபேஸுடன் இணைப்பை ஏற்படுத்துவதில் பிழை" என்றது. பெயர் சரி, பாஸ்வேர்டு சரி, உரிமைகள் சரி. மறுபடியும் டிக்கெட். இந்த முறை வந்த பதிலைத்தான் மறக்கவே முடியவில்லை: "இது வேர்ட்பிரஸ் தொடர்பான பிரச்சினை. எங்கள் சேவை வரம்புக்குள் வராது. உங்கள் டெவலப்பரை அணுகவும்." டெவலப்பராம்! டெவலப்பர் வைத்துக்கொள்கிற ஆள் இருப்பதிலேயே சின்னத் திட்டத்தை எதற்கு வாங்கப் போகிறான்?

சந்தேகம் வந்தது டேட்டாபேஸ் ஹோஸ்ட் என்ற கட்டத்தின் மேல்தான். அதில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருக்கும், பெரும்பாலான இடங்களில் அதுவே சரி. அதாவது, டேட்டாபேஸும் அதே சர்வரில் இருக்கிறது என்று பொருள். ஆனால் சில நிறுவனங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லைத் தனி சர்வரில் வைத்திருப்பார்கள். டேட்டாபேஸைப் பார்க்கவும் திருத்தவும் சிபேனலில் இருக்கும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்தேன். அதன் முகப்பில் வலப்பக்கம் டேட்டாபேஸ் சர்வரின் விவரம் இருக்கும். அங்கே லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதிலாக வேறொரு முகவரி. அதை எடுத்துப் போட்டதும் இணைந்துவிட்டது. வரவேற்பு மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை.

உறுதி செய்துகொள்ளலாமே என்று இன்னொரு டிக்கெட்டும் போட்டேன், இந்த முறை வேர்ட்பிரஸ் என்ற பேச்சையே எடுக்காமல். "என் கணக்குக்கான மைஎஸ்க்யூஎல் சர்வரின் முகவரி என்ன?" அவ்வளவுதான். பதில் சட்டென்று வந்தது, அதே முகவரி. அதிலிருந்து எனக்கு இதுதான் வழக்கம். தளம் வேலை செய்யவில்லை என்று அழுவதில்லை. அவர்கள் சர்வரைப் பற்றி ஒற்றை வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்பேன். வேர்ட்பிரஸ் என்ற சொல் டிக்கெட்டில் இருந்தால் போதும், கையைக் கழுவிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் அந்த ஐந்து நிமிடப் பக்கம். ஒரு எச்சரிக்கை: ஃபைல்களை ஏற்றிவிட்டு, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று நிறுவலைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கம் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. உங்களுக்கு முன்னால் வேறொருவர் அதை நிரப்பினால் அவர்தான் அட்மின். புது டொமைனுக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்குப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பைத் தருவது) கிடைத்ததும் அதன் பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்களும் உண்டு.

எஸ்எஸ்எல் எனக்குத் தானாகவே வந்துவிட்டது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாளுக்குத்தான், புதுப்பிப்பதும் தானாகவே நடக்கும். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் இரண்டு முகவரிக் கட்டங்களை எச்டிடிபிஎஸ் என்று மாற்றுவதற்கு முன், பிரவுசரில் அந்த முகவரி உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அட்மின் பக்கத்துக்கே உங்களால் நுழைய முடியாது, பிஎச்பிமைஅட்மினுக்குள் போய் ஆப்ஷன்ஸ் டேபிளில் பழைய முகவரியை எழுத வேண்டியிருக்கும்.

தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமை ஏற்றும்போது வந்த பிழைச் செய்தி தனி ரகம். "நீங்கள் பின்தொடர்ந்த இணைப்பு காலாவதியாகிவிட்டது" என்றது. நான் எந்த இணைப்பையும் பின்தொடரவில்லையே! விஷயம் என்னவென்றால், ஃபைல் பெரியது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் மொழியான பிஎச்பியின் இயல்பான வரம்பு ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தமாக அனுப்புவதற்கு 8 எம்பி. பின்னதைத் தாண்டினால் அனுப்பிய தகவல் முழுவதையும் பிஎச்பி தூக்கி எறிந்துவிடும். கூடவே போன பாதுகாப்புக் குறியும் போய்விடுவதால், வேர்ட்பிரஸுக்கு அது காலாவதியானது போலத் தெரிகிறது. சிபேனலில், பிஎச்பி அமைப்புகளை மாற்ற உதவும் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரில் இரண்டு எண்களையும் கூட்டினேன், ஏறிவிட்டது. உங்கள் திட்டத்தில் அந்த எடிட்டர் இல்லையென்றாலும் கவலையில்லை, தீம் ஜிப்பை ஃபைல் மேனேஜர் வழியாகத் தீம்ஸ் ஃபோல்டரில் போட்டுப் பிரித்தாலும் அதே பலன்தான்.

தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று. பதிவின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானாக உருவாக்கும் முகவரியை அப்படியே விடாதீர்கள். தமிழில் ஒவ்வொரு குறியும் உள்ளுக்குள் சதவீதக் குறிகளோடு சேர்த்து 9 எழுத்தாக மாறுகிறது. 'கி' என்றால் ககரமும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் 18. முகவரிக்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்துதான். 22 குறிக்கு மேல் போனால் முகவரி பாதியில் வெட்டுப்படும். பகிர்ந்தால் பல இடங்களில் சதவீதக் குறிகளின் குவியலாகத் தெரியும். வெளியிடுவதற்கு முன்பே சின்னதாக ஒரு முகவரியைக் கையால் கொடுத்துவிடுங்கள். பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்ததெல்லாம் என்ன ஆகுமோ என்ற கவலை வேறு.

கடைசியாக அடம்பிடித்தது மின்னஞ்சல். பாஸ்வேர்டு மாற்றக் கேட்டால் அஞ்சல் வரவே இல்லை, ஸ்பாமிலும் இல்லை. வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் அஞ்சல்கள் 'வேர்ட்பிரஸ்' என்ற பெயரில் உங்கள் டொமைன் முகவரியிலிருந்து போகின்றன. அப்படி ஒரு அஞ்சல் பெட்டியே நம்மிடம் இருக்காது. இல்லாத முகவரியிலிருந்து வருவதைச் சில சர்வர்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சப்போர்ட்டிடம் பழகிய முறையிலேயே கேட்டேன்: "இல்லாத முகவரியிலிருந்து போகும் அஞ்சலை உங்கள் சர்வர் தடுக்கிறதா?" ஆமாம் என்றார்கள். சிபேனலில் ஒரு அஞ்சல் பெட்டியைத் திறந்து, அந்தப் பெட்டி வழியாகவே அஞ்சல் அனுப்ப வைக்கும் எஸ்எம்டிபி பிளகின் (கூடுதல் நிரல்) ஒன்றைப் போட்டு அந்த விவரங்களைக் கொடுத்தேன். சோதனை அஞ்சல் வந்து சேர்ந்தது.